அட்வான்ஸுக்கு முன்

ரோலாவில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால்
கரக் டீ ஒரு திர்ஹம் என்று எழுதிவைத்து
ஒன்றரை வாங்கும் கஃபட்டீரியா.
பார்க்கிங் ஒரு மணி நேரத்துக்குப் போட்டிருக்கிறேன்.
கேள்விகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கும்.

அஜின் போனில் குறித்து வந்திருக்கிறான்.
எத்தனை படம் தருவீங்க?
ஆல்பம் எப்போ கைக்கு வரும்?
உங்களுக்குக் காய்ச்சல்னா யார் வருவாங்க?
கேமரா ஒண்ணா, ரெண்டா?
எடிட் பண்ணாததும் எங்களுக்குத்தானே?
சர்ச்சுக்குள்ள ஃபிளாஷ் போட விடுவாங்களா?

அறுநூறு.
நாற்பது நாள்; ரமலான் குறுக்கே வந்தால் ஐம்பது.
என் தங்கை சல்மா.
ரெண்டு.
கேட்டால் தருவேன், யாரும் கேட்டதில்லை.
பாஸ்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.
பதினோரு வருடப் பதில்கள்.
கண்ணாடி பார்க்காமல் சேலைக்குப் பின் குத்துகிற மாதிரி.

விலையை யாரும் நேராகக் கேட்பதில்லை.
'எங்க ரூம்ல ஒருத்தனுக்கு ஆயிரத்து இருநூறுல...'
என்று ஆரம்பித்து டீயை ஊதுவார்கள்.
நானும் என் டீயை ஊதுவேன்.

பெண்கள் மட்டும் கூடும் ஹாலில் கேள்விகள் வேறு.
வாசலில் ஒருத்தி நின்று
வருகிறவர்கள் போனுக்கெல்லாம் கண்ணில் ஸ்டிக்கர் ஒட்டுவாள்.
பெண்ணின் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள்:
எடிட் பண்றது ஆம்பளையா?
கம்ப்யூட்டர் எந்த ரூம்ல இருக்கு, பூட்டு உண்டா?
கார்டைப் போகும்போதே கொடுத்துடுவியா?
அஜ்மானில் ஒருமுறை கொடுத்தேவிட்டேன்.
முந்நூற்றுச் சொச்சம் முகங்கள், ஒன்றுகூட என்னிடம் இல்லை.
கூலி இருந்தது.
அன்று நன்றாகத் தூங்கினேன், ஏன் என்று தெரியவில்லை.

பெனிட்டா இதுவரை வாய் திறக்கவில்லை.
சமோசாவின் மூலைகளை உடைத்து
தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.
'நீ ஏதாவது கேக்கணுமா?' என்றான் அவன்.

'சிரிக்கச் சொல்வீங்களா அக்கா?'

சொல்வேன்.
சிரிங்க என்று, சிரிக்கூ என்று,
ஸ்மைல் கரோ, இப்திஸாமா என்று,
தாலிக்கு முன்னும் மோதிரத்துக்குப் பின்னும்
கேக்கில் கத்தி இறங்கும்போதும்.
என் வேலையில் பாதி அந்த ஒரு சொல்தான்.

'பல் டாக்டர்கிட்ட ரிசப்ஷன்ல இருக்கேன்' என்றாள்.
'காலைல எட்டுல இருந்து சிரிக்கணும்.
கவுண்டருக்கு மேல கேமரா இருக்கு.
சிரிக்காம விட்டதை மேனேஜர் நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்.
நேரத்தோட.
அன்னைக்கு ஒருநாள்
மூஞ்சி அதுபாட்டுக்கு இருக்கட்டுமே.'

அஜின் போனைக் கவிழ்த்து வைத்தான்.
இது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.
'ஊர்ல ஆல்பம் பாக்கிறவங்க என்ன சொல்வாங்க,
பொண்ணுக்கு இஷ்டம் இல்லன்னு...'
மீதியை டீயோடு விழுங்கினான்.
கொஞ்ச நேரம் கழித்து,
அவளிடம்கூட இல்லை, சமோசாத் தட்டிடம்:
'எத்தனை மணிக்கு சிரிக்கலைன்னு காட்டினார்?'
'மூணு இருபது.'
'மூணு இருபதுக்கு நான்தானே கூப்பிட்டேன்.'
'ஆமா.'

என் படிவத்தில் கடைசியில் ஒரு கட்டம் உண்டு,
சிறப்புத் தேவைகள் என்று.
எல்லோரும் ட்ரோன் என்று எழுதுவார்கள்.
நான் எழுதினேன்: சிரிக்கச் சொல்லக் கூடாது.
அவள் பேனாவை வாங்கி
கீழே ஒரு கோடு போட்டாள்.

சல்மாவிடம் சொல்ல வேண்டும்.
கஷ்டம் அவளுக்குத்தான்,
கேமராவைத் தூக்கினாலே அவள் வாய் முந்திக்கொள்ளும்.

பார்க்கிங் முடியப் பத்து நிமிடம் என்று செய்தி வந்தது.
பெனிட்டா கைப்பையிலிருந்து
கிளினிக் பெயர் போட்ட உறை ஒன்றை எடுத்தாள்.
ஐந்நூறு, எல்லாம் இருபதும் பத்துமாக.
'எண்ணிப் பாருங்க' என்றாள்,
சிரிக்காமல்.